நிறைமதி சொன்னாள்

ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்கள்.

முதன்முறையாக வருகிறவர்கள் எழுந்து நின்று, தங்கள் வலைப்பூவின் பெயரைச் சொல்லி, தங்களைப் பற்றி ஓரிரு வார்த்தைகள் பேச வேண்டும். பதிவர் சந்திப்புகளில் அதுதான் வழக்கமாம்.

ஈரோட்டில், ஒரு திருமண மண்டபம். முன்வரிசைத் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

அவளுடைய புடவையில் குத்தியிருந்த அட்டையில் அவள் பெயர் இல்லை. வலைப்பூவின் பெயர் மட்டுமே இருந்தது.

நிறைமதி சொன்னாள்.

அவள் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டினார்கள்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்த ஓரிரு வார்த்தைகளைத்தான் அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

நிறைமதி இல்லை.

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற மகள். ஐந்து வயது. வீடு திரும்பவில்லை.

மகள் சொல்வதையெல்லாம் எழுதிவந்த பதிவுகள் மட்டும் நிற்கவில்லை. உறவினர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட ஒரு பிற்பகலில், மகள் எப்போதோ சொன்ன ஒன்றை எழுதி வெளியிட்டாள். அடுத்த முறை, மகள் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை. பின்னூட்டங்களில் எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவுக்குச் சுற்றிப் போடுங்கள் என்றார்கள்.

அதன் பிறகு பதிவுகளிலேயே அவளைப் பெரிய பள்ளியில் சேர்த்தாள். சைக்கிள் ஓட்டப் பழக்கினாள். பல் விழ வைத்தாள்.

இன்று எல்லோரிடமும் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் புறப்பட்டு வந்தாள்.

"வணக்கம். என் வலைப்பூவின் பெயர், நிறைமதி சொன்னாள். வாசிக்கிற எல்லோருக்கும் மிக்க நன்றி."

உட்கார்ந்துவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் காகிதத் தட்டோடு அவளைத் தேடி வந்தார்.

"நாந்தானுங்க அந்தியூரான்."

அவளுடைய ஒவ்வொரு பதிவுக்கும் முதல் ஆளாக வந்து, 'வடை எனக்கே' என்று எழுதிவிட்டுப் போகிறவர். முதல் பின்னூட்டத்துக்கு ஒரு வடை என்பது பதிவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

"இத்தன வருசமா வடை வடைன்னு கேட்டு, ஒண்ணும் கைக்கு வந்த பாடில்லீங்க. அதான் நானே கொண்டாந்துட்டேன். சாப்புடுங்க."

"அவரு கல்யாண வூட்லயும் அப்படித்தானுங்க. மொதப் பந்தி, மொத எலை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"பாப்பாவக் கூட்டிட்டு வர்லீங்ளா?"

வாயில் வடை இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"அட, ஞாயித்துக்கெழமதானுங்க?"

அதற்குள் ஓர் இளம்பெண், தன் மகளின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் சுகந்திங்க. பெருந்துறை. இவ தன்ஷிகா. நீங்க எழுதறதப் படிச்சுக் காட்டினாத்தான் இவளுக்குச் சோறே எறங்கும். மதியக்காவப் பாக்கோணும், பாக்கோணும்னு காலைல இருந்து ஒரே அடம்."

சிறுமி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. உள்ளங்கையால் வாயை மூடியிருந்தாள்.

"கைய எடு சாமி. பல்லு விழுந்து மொளைக்குதுங்க்கா. ஒரு வாரமா இப்படித்தான். யாருகிட்டயும் காட்ட மாட்டேங்கறா."

"எனக்குத் தப்பா மொளச்சிருச்சு," என்றது கைக்குள்ளிருந்து குரல்.

"யாரும்மா சொன்னா?"

"நீங்கதான் எழுதியிருந்தீங்க. மதியக்காவுக்கு அரிசியாட்ட, வழுவழுன்னு மொளச்சுதுன்னு. எனக்கு அப்படி இல்ல ஆன்ட்டி."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். சிறுமியின் முன் மண்டியிட்டாள்.

"நான் பார்க்கலாமா?"

கை விலகியது.

கீழ்வரிசையில், ஈறைப் பிளந்துகொண்டு ஒரு புதிய பல். அதன் விளிம்பு வழுவழுப்பாக இல்லை. மிகச் சிறிய ரம்பம் ஒன்றின் முனைபோல, மேடும் பள்ளமுமாக இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்படியா முளைக்கும்?

எழுதியபோது ஒரு சந்தேகமும் தோன்றவில்லை. அரிசி என்ற சொல் தானாகவே வந்து அமர்ந்துகொண்டது. வாசித்த அம்மாக்களும் ஒருவர்கூடத் திருத்தவில்லை. அழகாக இருக்கிறது என்றார்கள்.

"தப்புத்தான ஆன்ட்டி?"

சிறுமியின் கண்கள் நிறைந்துவிட்டன.

ஒரு வரி போதும். மதிக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது கண்ணு, அப்புறம் சரியாகிவிட்டது. எத்தனையோ வரிகளை எழுதியவள். இதையும் சிரமமின்றிச் சொல்லிவிடலாம். மதி இன்னும் கொஞ்ச காலம் வளர்வாள்.

"உன்னோடதுதான் கண்ணு சரி," என்றாள். "ஆன்ட்டி பார்க்காம எழுதிட்டேன்."

"மதியக்கா பல்ல நீங்க பாக்கவே இல்லியா?"

"அவளுக்குப் பல் விழவே இல்லம்மா. அதுக்குள்ள..."

சுகந்தி சிரிக்கத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அந்தியூரான் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சிறுமி மட்டும் யோசித்தாள். நாக்கின் நுனியால் தன் பல்லை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

பிறகு இன்னும் நெருங்கி வந்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி, அவள் நன்றாகப் பார்க்கும்படி வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.