நாடாவில் ஒரு வாய்

வானொலி நிலையத்தின் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது அவள் வேலை. மூலையில் கிடந்த பெட்டியில், முந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த, யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் இசையமைப்பாளரின் தேவாலயப் பாடல்கள் பதிந்த நாடா அகப்பட்டது. வேறெங்கும் பிரதி இல்லை. கூட்டுக்குரல் எழும்பியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் பாடலின் நடுவில் யாரோ சப்புக்கொட்டினார்கள். எச்சில் ஊறி விழுங்கும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. குமட்டிக்கொண்டு வர, தின்றுகொண்டிருந்த மாம்பழத்தைப் பாதியிலேயே காலடியில் இருந்த குப்பைக்கூடையில் எறிந்தாள்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் கேளுங்களேன். என்ன கண்றாவி இது?”

மேலாளர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். “பாடுறவனும் மனுஷன்தானேம்மா, எச்சில் முழுங்க மாட்டானா? அந்த இடத்தை மட்டும் வெட்டி எறி.”

நாடாவில் அந்த இடத்தைப் பிளேடால் வெட்டினாள். வெட்டிய துண்டிலிருந்து கொழகொழவென்று ஏதோ நூலாக நீண்டது. முகத்தைச் சுளித்தபடி அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாடாவை ஒட்டி மறுபடி ஓடவிட்டாள். பாட்டு இப்போது சுத்தமாக இருந்தது.

பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது, காலடியில் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் பாதியிலேயே எறிந்த மாம்பழம் வெறும் கொட்டையாகக் கிடந்தது. அதன்மேல் எச்சில் இன்னும் காயவில்லை.