பாலத்தில் நின்றவர்

"அவர் கையில மைக்கைக் கொடுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" பல்லைக் கடித்தாள் நெனிதா.

யார் கேட்டார்கள்? மேயரே எழுந்துபோய் அவளுடைய அப்பா தொமினாதோரிடம் மைக்கை நீட்டிவிட்டார்.

ஆற்றுக்குக் குறுக்கே கட்டி, அன்று திறப்பு விழா நடந்த புதுப் பாலத்துக்குத் தொமினாதோரின் அப்பா எபிபானியோவின் பெயர். ஜப்பான்காரன் வந்தபோது, ஊர் ஜனம் அக்கரைக்குத் தப்பிப் போகும்வரை பழைய பாலத்தைக் காத்து நின்று உயிரை விட்ட சிப்பாய். கூட நின்ற கிறிசாந்தோ பாதியில் ஓடிப்போனான், ஓடும்போதே குண்டடிபட்டு ஆற்றில் விழுந்தான் என்பது ஊர்ப் பேச்சு. அதை நேரில் பார்த்தவர்களில் இன்று மிச்சம் தொமினாதோர் ஒருவர்தான். அப்போது அவருக்கு எட்டு வயது. இப்போது தொண்ணூறு.

இந்தப் பெயருக்காக மணிலாவுக்கு நடையாய் நடந்தவள் நெனிதா. ஊருக்கே பான்சிட் நூடுல்ஸ் வேறு கிளறி வைத்திருந்தாள்.

பெரியவர் மைக்கை ஊதிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா எல்லாரும் தப்பாவே பேசிட்டிருக்கீங்க. கடைசி வரைக்கும் நின்னது கிறிசாந்தோ. ஓடிப்போனது எங்கப்பன்."

கூட்டம் சலசலத்தது.

"அப்பா! வெயில் தலைக்கேறிடுச்சா உங்களுக்கு?"

"ஒண்ணும் ஏறல. பார்த்தவன் சொல்றேன்."

மேயருக்கு வியர்த்துக் கொட்டியது. "பெரியவரே, கல்லுல பேரே வெட்டியாச்சே! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"அழிச்சுட்டு வேற வெட்டு. கல்லுக்கு வலிக்கவா போகுது?"

"பெத்த அப்பன் மேல எவனாவது பொய்யா பழி போடுவானா? நிஜமாத்தான் இருக்கும்" என்றது ஒரு குரல்.

பின்வரிசையிலிருந்து ராணுவ உடுப்பில் ஒரு இளைஞன் வந்தான். அர்னெல். கிறிசாந்தோவின் கொள்ளுப்பேரன். 'ஓட்டக்காரன் வீடு' என்று ஊர் கேலி பேசியே வளர்ந்தவன். பெரியவரின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். விறுவிறுவென்று போய்விட்டான்.

மேயர் கல்லின் மேல் துணியை மறுபடி போர்த்திவிட்டு நழுவினார். பான்சிட்டைத் தொட ஆளில்லை.

வீட்டு வாசலில் டிரைசைக்கிள் ஆட்டோவை விட்டு இறங்கியதுதான் தாமதம், நெனிதா வெடித்தாள்.

"இனிமே நான் தெருவுல தலைகாட்ட முடியுமா? உண்மையாவே இருக்கட்டுமே, இத்தனை வருஷம் மூடின வாயை இன்னிக்கு ஒருநாள் மூடியிருக்கக் கூடாதா? மூணு வருஷம் நாயா அலைஞ்சேனே, அதுக்காகவாவது?"

"உண்மை இல்லம்மா."

"என்னது?"

"உங்க தாத்தா பாலத்தை விட்டு ஒரு அடி நகரல. என் கண்ணால பார்த்தேன்."

"பின்ன எதுக்கு அந்த மனுஷன் பேரைக் கெடுத்தீங்க? செத்தவருக்கு நீங்க பண்ற மரியாதை இதுதானா?"

பெரியவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"நேத்து நீ சந்தைக்குப் போயிருந்தப்போ அர்னெல் வந்தான். நாளைக்குத் தெற்கே சண்டை நடக்கற இடத்துக்குக் கிளம்பறானாம். 'முன்வரிசையில என்னை நிறுத்துங்கன்னு நானே கேட்டு வாங்கியிருக்கேன் தாத்தா. ஓட்டக்காரன் வீடுங்கற பேரைத் தொலைக்காம திரும்ப மாட்டேன்'னு சொன்னான். கண்ணைப் பார்த்தேன். நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போய்ச் செத்துருவான்னு தோணுச்சு."

நெனிதா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"ஊர்ப் பிள்ளைங்க பிழைக்கணும்னுதான் எங்கப்பா அங்க நின்னார். அவர் கோவிச்சுக்க மாட்டார். இனிமே, குண்டு வந்தா அந்தப் பையன் குனிவாம்மா."