பீன்ஸுக்கு வந்த விருந்து அழைப்பு

சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் ஃப்ரீசர் கதவு திறக்கும்வரை பொறுக்க வேண்டும். காலை அவசரத்தில் மங்கை அக்காவின் கை முன்னால் இருக்கும் பையைத்தான் எடுக்கும். முன்னால் இருந்தது பீன்ஸ்.

"கழுவி, நறுக்கி, வெந்நீரில் முக்கியெடுத்த உடம்பு! கை பட்டால் நேரே வாணலிதான்!" என்று பீற்றிக்கொண்டது.

பின்னாலிருந்த பட்டாணிக்கு இன்றாவது வாணலியைப் பார்த்துவிட ஆசை. அச்சு அசல் அக்கா குரலில் கூப்பிட்டது: "பீன்ஸ் கண்ணு, நீ ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு! பின்னாடி பத்திரமா இரு."

"கேட்டியாடா பட்டாணி? எனக்கு விருந்தாம்!" பீன்ஸ் பெருமை பொங்கப் பின்னால் நகர்ந்தது. பட்டாணி முன்னால் வந்தது.

கதவு திறந்தது. கை பட்டாணியைத் தூக்கியது. போகிற போக்கில் அது பீன்ஸின் குரலிலேயே கத்தியது: "கை பட்டால் நேரே வாணலிதான்!"

வாயே திறக்காத பீன்ஸ் திகைத்தது. "அடப்பாவி! அப்போ அந்த அக்கா குரலும்...?"