நாய்களுக்கு நல்வரவு

நாயோடு வந்தவளிடம் ஹோட்டல் வரவேற்பாளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நாய்க்குத் தாராளமா அனுமதி உண்டு மேடம். லிஃப்ட்ல மட்டும் ஏறக்கூடாது."

"நான் போக வேண்டியது ஏழாவது மாடி."

"படி இருக்கே! கம்பளத்தை மிதிச்சா தனிக் கட்டணம். குரைச்சா அபராதம்."

"தும்மினா?"

"மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்."

அவள் நாயோடு வாசலுக்குத் திரும்பினாள். மேனேஜர் கேமராக்காரரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அடப்பாவி! நம்ம 'நாய்களுக்கு நல்வரவு' விளம்பரத்துல நடிக்க வந்த நாய்டா அது! மேடம், கட்டணமெல்லாம் தள்ளுபடி. கேமராவைப் பார்த்து வாலாட்டச் சொல்லுங்க, போதும்."

அவள் நிதானமாகத் திரும்பினாள்.

"நாம பேசின சம்பளம் சும்மா உக்கார்றதுக்கு மட்டும்தான் சார். வாலாட்டினா தனி."