அச்சில் சீவிய சில்லு

தேர்ச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் நமச்சிவாயம் பட்டறை மேசைமேல் குனிந்து நிற்கிறார். சன்னல் வெயிலில் கிடக்கிறது, தேரின் பழைய இரும்பு அச்சு முனையிலிருந்து சீவியெடுத்த, சட்டைப் பொத்தான் அளவுச் சில்லு. பூசையில் அச்சுக்கு இட்ட குங்குமம் அதிலும் ஒட்டியிருக்கிறது. "இத்தனூண்டை வச்சிக்கினு அம்மாம் பெரிய அச்சு தாங்குமான்னு எப்டிம்மா சொல்லுவீங்க?" இன்ஜினியர் மங்கையர்க்கரசி குங்குமத்தைத் துடைக்காமலே சில்லைக் கவ்வியில் இறுக்குகிறாள். "குண்டை வச்சு அழுத்தறப்போ இந்தச் சில்லு நட்சத்திரமா வெடிச்சா, அச்சு சொல்லாம முறியும். வட்டமா கிழிஞ்சா, முறியறதுக்கு முன்னாடி வளைஞ்சு காட்டும்." கவ்வியின் மேல்திருகைச் சுற்றச் சுற்ற, அதன் நுனியிலுள்ள எஃகுக் குண்டு சில்லின் நடுவில் அழுந்துகிறது, சில்லு குட்டிப் பூரிபோல் உப்புகிறது. டக். உப்பலைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல். அதில் குங்குமம் இறங்கிச் சிவக்கிறது. மங்கையர்க்கரசி சிரிக்கிறாள். நமச்சிவாயம் கீறலை விரலால் தடவிப் பார்க்கிறார். "வளைய ஆரம்பிச்சா, கட்டை போடறவன் எழுந்து ஓடற அளவுக்கு நேரம் இருக்குமாம்மா?" அவள் அப்போதுதான் அவருடைய இடது பாதத்தைப் பார்க்கிறாள். அதில் விரல்கள் இல்லை.