கப்பலுக்கு முன்னே ஒரு கல்யாணம்

"ஆபீசர் கேட்டா, எனக்குப் பொண்டாட்டியே கெடையாதுன்னு சொல்லணும். எங்க, ஒருக்காச் சொல்லு பாப்போம்" என்றாள் மூக்கம்மாள்.

கருத்தப்பாண்டி பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். திருச்சுழி தாண்டியதும் கரிசல் காடு வாய் பிளந்து கிடந்தது.

"இருக்கிறவளை எப்படிக்கா இல்லைங்கிறது?"

"ஏலே, மெல்லப் பேசு. கண்டக்டர் காதுல விழுந்துச்சுன்னா ஊருபூரா டிக்கெட் கிழிச்சுக் குடுத்துருவான்."

முன்சீட்டில் சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தாள். சிலோனிலிருந்து மூன்று மாத விசாவில் வந்தவள். விசா முடிந்தும் போகாமல் மூக்கம்மாள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். போலீஸ்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டார். அடுத்த மாதக் கடைசிக்குள் ராமேசுவரத்தில் கப்பலேறாவிட்டால், தாங்களே ஏற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனு எழுதுகிற ராமசுப்புதான் வழி காட்டினார். இந்த ஊர்க்காரன் ஒருவனைச் சர்க்கார் ஆபீசில் வைத்துக் கட்டிக்கொண்டால், அந்தப் பத்திரத்தைக் காட்டி இங்கேயே இருக்க மனுப் போடலாம். ஆனால் கட்டுகிறவனுக்குப் பெண்டாட்டி இருக்கக்கூடாது. கட்டிக்கொள்கிறவளுக்குப் புருஷன் இருக்கக்கூடாது.

கருத்தப்பாண்டி கிணறு வெட்டுகிறவன். பெண்டாட்டியோடு ஒரே கூரைக்குக் கீழே அவன் இருந்து எத்தனையோ வருஷமாகிறது. மேலே ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கிணற்றுக்குள் நின்றபடி அவள் பேரைச் சொல்லிப் பார்ப்பான். நாலு பக்கப் பாறையும் அதைத் திருப்பிச் சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி கடப்பாரையைத் தூக்குவான். அப்படிப்பட்டவளை இன்றைக்கு இல்லையென்று சொல்லவேண்டும்.

"என்னலே, ஊமையாட்டம் இருக்க? சங்கரம்மா வந்த நாள்ல இருந்து, அந்தியானா என் வாசல்ல வந்து நிக்கிற. தீப்பெட்டி குடுக்கா, தீப்பெட்டி குடுக்காங்கிற. பீடி குடிக்காத பயலுக்கு எதுக்குலே இத்தனை தீப்பெட்டி?"

முன்சீட்டில் சங்கரம்மாளின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"நின்னு என்னக்கா பிரயோசனம்? அவ கையால ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிக்க விட்டியா?"

"மனு எழுதிக் குடுத்த ரைட்டரு உங்க ரெண்டு பேரையும் தள்ளியே வைக்கச் சொல்லியிருக்காரு. கையெழுத்து ஆகட்டும், குடத்தோட அனுப்பி வைக்கேன்."

அருப்புக்கோட்டை ரிஜிஸ்தர் ஆபீசில் ராமசுப்புவும், மூக்கம்மாளின் புருஷன் பூமிநாதனும் சாட்சிக்கு முன்கூட்டியே வந்து நின்றார்கள். கல்யாண நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்கவேண்டிய ஒரு மாதமும் முடிந்திருந்தது. பாக்கி இருந்தது இன்றைய காரியம் மட்டும்தான்.

ஆபீசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உனக்குப் பெண்டாட்டி யாராவது உயிரோட இருக்காளா?"

கருத்தப்பாண்டி சங்கரம்மாளைத் திரும்பிப் பார்த்தான். மூக்கம்மாள் கனைத்தாள்.

"இல்லைங்கய்யா" என்றான். சொன்ன வாயை அமிலம் ஊற்றிக் கழுவவேண்டும் போலிருந்தது.

"உனக்கும்மா? புருஷன்?"

கழுத்து தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்த சங்கரம்மாள், நிமிராமலே தலையை ஆட்டினாள். இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆபீசர் சொல்லிக் கொடுத்தபடி, சங்கரம்மாளை மனைவியாக ஏற்பதாகக் கருத்தப்பாண்டி சொன்னான். அந்தப் பேரை மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

"இப்ப நீ சொல்லும்மா. 'சங்கரம்மாளாகிய நான், கருத்தப்பாண்டியாகிய உம்மை என் கணவராக ஏற்கிறேன்.'"

"சங்கரம்மாளாகிய நானு..." நின்றுவிட்டாள்.

"மேல சொல்லு. மாப்பிள்ளை பேரு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெக்கப்படுதா சாமி" என்றார் பூமிநாதன்.

"இந்த வயசுல என்னய்யா வெக்கம்? பேரே தெரியாத ஆளைக் கட்டிக்க வந்திருக்காளா? விசாவுக்காக ஆள் பிடிச்சு நடத்துற கல்யாணம்னு இப்பல்ல புரியுது!" ஆபீசர் பேனாவை மூடினார். "சட்டப்படி அவ வாயால பேரைச் சொல்லணும். சொன்னா கல்யாணம். சொல்லாட்டி போலீசுக்கு எழுதிடுவேன். கப்பல்தான்."

மூக்கம்மாள் அவள் இடுப்பில் இடித்தாள். "ஒரே ஒருக்காச் சொல்லித் தொலையேன்டி. கொண்டுபோயி ஏத்திருவாகடி."

கருத்தப்பாண்டி அவள் முகத்தையே பார்த்தான். உதடு அசைந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தான். உதடு மறுபடி ஒட்டிக்கொண்டது. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

ஆபீசருக்கே என்னவோ போலாகிவிட்டது. "ஒரு பேரைச் சொல்ல உனக்கு என்னம்மா தடை?"

சங்கரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "தேயிலைத் தோட்டத்துக் கோயில்ல எனக்குத் தாலி கட்டுன நாள்ல இருந்து அவுக பேரு என் வாயில வந்ததில்லைங்கய்யா. அவுகளை மட்டும் சிலோனை விட்டு வெரட்டிவிட்டாக. நான் அங்க கெடந்து தவிச்ச காலத்துலகூடச் சொன்னதில்ல. கட்டுனதுக்குச் சீட்டு இல்லேன்னு ரைட்டரு இவுகளையே திரும்பக் கட்டச் சொன்னாரு, வந்து நிக்கோம். பேரை எப்படிங்கய்யா சொல்லுவேன்?"

ஆபீசர் அந்த மனுவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "நடந்த கல்யாணத்தைப் பதியறதுக்கு வேற ஃபாரம் இருக்கு, எழுதித் தாரேன். அதுக்குள்ள அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, உன் பொண்டாட்டியை உக்காரச் சொல்லுய்யா" என்றார்.