பூல்மணி சொல்லாதது

கையெழுத்துப் போட்டால் போதும். ஆடிக் காற்று தொடங்குமுன் சயனைடு மேட்டை மண் போட்டு மூடி, மரம் நட்டுவிடுவார்கள்.

டெல்லியிலிருந்து வந்த அதிகாரி பேனாவை ஐடாவின் பக்கம் நகர்த்தினார். ஒரே நிபந்தனை. கோலார் தங்கவயல்காரர்கள் சுரங்க ஊர்களின் தேசிய இயக்கத்திலிருந்து விலகிவிட வேண்டும்.

அந்த இயக்கம் பிறந்ததே ஐடாவின் துணிக்கொடியில்தான்.

தங்கச் சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அது அரைத்துக் கொட்டிய சயனைடு கழிவு மட்டும் மலையாக நின்றது. காற்றடித்தால் ஐடா இருந்த பாலகாட் குடியிருப்பு முழுக்கச் சாம்பல் புழுதி. ஐடாவின் மகள் கரோலினுக்கு ஆடி மாதம் வந்தால் இழுப்பு.

ஒருநாள் ஐடாவும் பக்கத்து வீட்டு பாக்யலட்சுமியும் ஒரு வெள்ளை வேட்டியை நனைத்துக் கொடியில் போட்டார்கள். சாயங்காலம் அதை அலசிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போய்த் தாலுகா ஆபீஸ் மேஜைமேல் வைத்தார்கள்.

யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போனது. நிலக்கரி ஊர்களிலும் இரும்புத்தாது ஊர்களிலும் முகம் தெரியாத பெண்கள் வெள்ளைத் துணி காயப்போட்டார்கள். பிறகு எல்லா ஊரிலும் ஒரே நாளில் போட்டார்கள். டெல்லி திரும்பிப் பார்த்தது.

"போட்டுடுக்கா. இன்னா யோசிக்கிற? புள்ளைய நெனச்சுப் பாரு" என்றாள் மேஜையருகே உட்கார்ந்திருந்த பாக்யலட்சுமி.

ஐடா எழுந்து வராந்தாவுக்குப் போய் பூல்மணிக்கு போன் போட்டாள். பூல்மணி ஜார்கண்டில் ஒரு நிலக்கரி ஊர்க்காரி. நேரில் பார்த்ததில்லை. ஐடா இந்தி கற்றுக்கொண்டதே அவளோடு பேசிப் பேசித்தான்.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

போடு அக்கா, தப்பில்லை என்றாள் பூல்மணி. எங்களிடமும் போன வருஷம் இதே காகிதத்தைக் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள் ஐடா.

கோலாரையும் சேர்த்தால் போடுகிறோம் என்றோம்.

பூல்மணியின் கணவன் மூச்சுத் திணறி இறந்தது இந்தத் தை மாதம். அன்று போனில் அவ்வளவு அழுதவள் இதை மட்டும் சொல்லவில்லை.

உள்ளே வந்து பேனாவை அதிகாரியிடமே நகர்த்தினாள்.

"எல்லா ஊரு பேரையும் எழுதிக்கினு வாங்க சார். அப்பால போடறோம்."

வீட்டுக்கு நடக்கும்போது பாக்யலட்சுமியிடம் நடந்ததைச் சொன்னாள். பாக்யலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆடியிலும் புழுதி பறந்தது. கரோலின் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள். அடுத்த வருஷம்தான் எல்லா ஊர்களுக்கும் சேர்த்து உத்தரவு வந்தது.

மேட்டில் முதல் கன்றை ஐடாதான் நட வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. வீடு பூட்டியிருந்தது.

பங்காருபேட்டையில் கரோலினோடு ரயிலேறி, ஐடா அதற்குள் பாதி வழி போயிருந்தாள், பூல்மணியின் ஊரில் கன்று நட.